யார் தலையில் கை?

வாயைக் கட்டிக்கொள்வதில் பாஸ்டர் கெட்டிக்காரர். சபையில் யார் எதைச் சொல்லி அழுதாலும், பாஸ்டரம்மா துருவித் துருவிக் கேட்டாலும், மூச்சு விடமாட்டார். பாவம், மனிதர் கையைக் கட்ட மறந்துவிட்டார்.

எலக்ட்ரீஷியனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவனுடைய அம்மா மருமகளை முன்னால் தள்ளிவிடுவார். "ஐயா, இவ வயித்தைத் திறக்கச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேளுங்க!" அவள் முழங்காலிடுவாள். பாஸ்டர் அவள் தலையில் கை வைப்பார். புருஷன் பக்கத்திலேயே முழங்காலில் நிற்பான், பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு.

அவன்தான் ஒரு நாள் பாஸ்டரின் அறைக்குத் தனியாக வந்து கதவைச் சாத்தினான்.

"ஐயா, குறை அவகிட்ட இல்ல. எனக்குத்தான். டாக்டர் சொல்லி நாலு வருஷமாச்சு."

"வீட்டுல சொன்னியாப்பா?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது? அம்மா அவளை மலடின்னு திட்டுறப்பல்லாம் சும்மா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"நீதான் சொல்லணும். நான் வாயத் திறக்க மாட்டேன்."

திறக்கவும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை கண்ணை மூடி உருகி உருகி ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், ஐயையோ, கை அவன் தலையில்! எப்போது போனது? யார் கொண்டுபோனது? ஆண்டவரா, தன் புத்தியா? ஒன்றும் விளங்கவில்லை. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தேள் கொட்டிய திருடன்போல் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனான். மாமியார் மட்டும் இன்னும் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாஸ்டரம்மா கேட்டார், "என்னங்க, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க?"

"ஜெபிக்கும்போது கை தானா நகருமா?"

"உங்க கைதானே, என்னைக் கேட்டா?"

இரண்டு நாள் கழித்து எலக்ட்ரீஷியன் மனைவியே பாஸ்டரைத் தேடி வந்தாள். மருந்துக் கடையில் வேலை முடித்து நேராக வந்திருந்தாள். பாஸ்டர் முந்திக்கொண்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா..."

"நீங்க சொல்லவேண்டாம் ஐயா. மருந்துக் கடைக்காரிக்கு, புருஷன் பையில இருக்கிற மாத்திரை எதுக்குன்னு தெரியாதா? நாலு வருஷமா தெரியும்."

"தெரிஞ்சுமா பேச்சு வாங்கிக்கிட்டிருந்தே?"

"அவரு வாயால வரணும்னு காத்திருந்தேன். எனக்கு அது ஒண்ணுதான் வேணும். நீங்க கைய வச்சு அதையும் கெடுத்துட்டீங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "வர்ற வெள்ளிக்கிழமை என் தலையிலயே வைங்க. அவரா எடுக்கட்டும்."

பாஸ்டருக்குத் தலை சுற்றியது. அவள் தலையில் வைத்தால் ஆண்டவர் முன்னால் பொய். அவன் தலையில் வைத்தால் துரோகம். ஊரார் சிக்கலையெல்லாம் அவிழ்த்தவருக்குத் தன் வலக்கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமியார் தள்ளினார், அவள் முழங்காலிட்டாள், பாஸ்டர் அவள் தலையிலேயே கை வைத்தார். ஜெபமா வந்தது? சொன்னதையே சொன்னார். இழுத்தார், இன்னும் இழுத்தார். பக்கத்தில் அசைவே இல்லை. இனி முடியாது என்று ஆமென் சொல்ல வாயெடுத்தார்.

காய்ப்பேறிய கை ஒன்று அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. புருஷன் அவள் தலையிலிருந்து அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"டேய், ஜெபம் அவளுக்குடா!" என்றார் மாமியார்.

"இல்லம்மா. குறை எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணுமே இல்ல."

சபை மொத்தமும் கண்ணைத் திறந்தது. மாமியார் மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.  பாஸ்டரின் கை அவன் தலையிலேயே இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப ஜெபிங்க ஐயா," என்றாள்.