ஹார்லன் வீசிய கோட்டு

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், கூடைப்பந்து நடுவர் பள்ளி அணிக்குப் பாதகமாக விசில் ஊதினால் போதும், பயிற்சியாளர் ஹார்லன் கோட்டைக் கழற்றித் திரும்பிப் பாராமல் பின்னால் வீசுவார். மூன்றாவது வரிசையிலிருந்து சலூன்காரர் வெண்டல் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு கத்துவார்: "உக்காருய்யா, அவன் சரியாத்தான் ஊதினான்!"

ஹார்லனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வாய மூடுய்யா! உன்ன யாரு கேட்டா?"

போன குளிர்காலத்தில் வெண்டல் கண்மூடினார். ஓய்வுபெற்ற ஹார்லன் இப்போது அந்த இருக்கையில்தான் உட்காருகிறார். அவரது அணியில் ஆடி, அவரிடம் திட்டு வாங்கியே வளர்ந்த டுவைட்தான் இன்றைய பயிற்சியாளர்.

நடுவர் விசில் ஊதினார். டுவைட்டின் கோட்டு பறந்து வந்து ஹார்லனின் கையில் விழுந்தது. நடுவரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் ஹார்லன் வாயைத் திறந்தார். கையிலிருந்த கோட்டைப் பார்த்தார். கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருடா, அவன் சரியாத்தான் ஊதினான்!"