மிஷினுக்குக் கட்டிய கயிறு

ஆயுத பூசைக்கு மறுநாள் எங்கள் மலைக்குக் கீழே இருக்கும் ரிங்லெட்டில் காய்கறி வாங்கப் போன இடத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். கடைக்காரர் முட்டைக்கோஸை எடை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் திலகா பூசைப் படங்களாக அனுப்பித் தள்ளியிருந்தாள். அவளுக்கு வேறு வேலை கிடையாது. சாமிக்குப் படையல் போட்டாலும் படம், சளிக்குத் தைலம் வாங்கினாலும் படம். நானும் சும்மா விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒரு படத்தில் விரல் நின்றுவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையின் மூன்றாம் ரோலர் மிஷின். சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை எல்லாம் போட்டிருந்தார்கள். மேல் மூடி திறந்திருந்தது. மூடிக்குக் கீழே ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. கூடவே ஒரு துண்டு மஞ்சள்.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிறுதான்.

வாடிய கொழுந்தை நசுக்குகிற மிஷின் அது. பல் வைத்த இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல ஓடும். கொழுந்து அடைத்துக்கொண்டால் மூடியைத் தூக்கி, கையை விட்டு வாரி எடுக்க வேண்டும். மூடியைத் தூக்கியதும் அந்த ஸ்விட்ச் விடுபடும், மிஷின் தானாக நின்றுவிடும். கயிற்றால் கட்டி அமுக்கி வைத்தால், மூடி திறந்திருந்தாலும் நிற்காது. அந்த மூன்றாம் மிஷினில் வேலை செய்பவர் என் வீட்டுக்காரர் மகேன். அன்று காலையில் ஷிப்டுக்குப் போனவர் அவர்தான்.

நான் அதே தொழிற்சாலையில் தூள் சலிக்கிற பகுதியில் இருக்கிறேன். அன்று எனக்கு லீவு. பாதுகாப்புக் கமிட்டியில் தொழிலாளர் பக்கத்து ஆளும் நான்தான். வாய் நீளம் என்று எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அதனால் அந்த ஸ்விட்ச் எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரத் துரை காலத்தில் மூடியே கிடையாதாம். கூரையிலிருந்து இறங்கும் பெல்ட் மிஷினைச் சுற்ற, உருளைகள் மறைப்பே இல்லாமல் ஓடுமாம். யாரோ ஒருவருடைய கை போன பிறகு மூடி வந்தது. ஆனால் ஓடும்போதே அதைத் தூக்க முடிந்ததால் தூக்கினார்கள். எங்களோடு வேலை செய்த பாஞ்சாலை அக்காவும் தூக்கினார். அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். நான்கு விரல் போய்விட்டது. அக்கா கத்தவே இல்லை. தன் கையை யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து மிஷினுக்குச் சீல் வைத்தார். ஸ்விட்ச் மாட்டிய பிறகுதான் மறுபடியும் ஓட விட்டார்.

கயிறு ஏன் கட்டினார்கள் என்றும் புரிந்தது. பூசை முடிந்ததும் மிஷின் முதலில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கடிக்க வேண்டும். காருக்குச் சக்கரத்தின் கீழ் வைக்கிறோமே, அதே வழக்கம்தான். பழத்தைக் கடித்துவிட்டால் அந்த வருஷம் ஆளைக் கடிக்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பழம் போடுவதற்கு மூடியைத் திறந்து வைத்தே ஓட்ட வேண்டும். வழக்கமாகப் பூசை போடும் ஃபிட்டர் அமிர்தலிங்கம் அண்ணன் ஸ்விட்சை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். இந்த வருஷம் தட்டுப் பிடிக்கக் கை வேண்டியிருந்தது போலும். நான் வாசலில் சுண்டல் பங்கு போட்டுக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

பூசை முடிந்ததும் அவிழ்த்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மகேனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் பக்கம் கைபேசி கூடாது, பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று கமிட்டியில் சண்டை போட்டு விதி கொண்டுவந்த புண்ணியவதி நான்தான். ஆபீசுக்கு அடித்தேன். சனிக்கிழமை, கணக்கெழுதும் கிராணி எடுக்கவில்லை. கடைசியில் அமிர்தலிங்கம் அண்ணன் எடுத்தார்.

"அண்ணே, மூணாம் மிஷின் ஸ்விட்ச்சுல கயிறு கட்டுனீங்களே, அவுத்துட்டீங்களா?"

"அவுக்கிறதா? சாமி கயிறு லா, தங்கச்சி. அதுவா அறுந்து விழணும். நாம கை வைக்கக் கூடாது."

"மூடியத் தூக்குனா மிஷின் நிக்காதுண்ணே!"

"ஒண்ணும் ஆவாது. பழத்த நல்லாத்தான் கடிச்சிச்சு. நான் ஈப்போவுல மக வீட்டுல இருக்கேன். திங்கக்கிழமை வந்து பாக்குறேன்."

அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. முட்டைக்கோஸை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

சனிக்கிழமை மலையேறுவது என்றாலே பாவம் செய்தவர்களுக்கு உரியது. கேஎல் பட்டணத்திலிருந்து வந்த காடிகள், அத்தனையும் கார், ஏரிக்கரையிலிருந்தே வரிசையாக நின்றன. ஸ்ட்ராபெர்ரி பறிக்க இவ்வளவு பேரா? தூறல் வேறு. காடிகளுக்கும் மலைச் சுவருக்கும் இடையில் கிடைத்த சந்தில் நுழைந்து நுழைந்து போனேன். கண் ரோட்டைப் பார்த்தது, மனம் மகேனின் வலது கையைத்தான் பார்த்தது. அவர் குனிந்து பார்க்கிற ஆள் இல்லை. இடது கை மூடியைத் தூக்கும்போதே வலது கை உள்ளே போய்விடும். வருஷக்கணக்கில் பழகிய கை. குளிர்ந்த காலையில் என்னைக் கூப்பிட்டு எழுப்ப மாட்டார், சில்லென்று இருக்கும் அந்தக் கையை என் கழுத்தில் வைப்பார். நான் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிக்கொண்டே எழுவேன். இனி ஒரு நாளும் திட்ட மாட்டேன் என்று வழியெல்லாம் சாமியிடம் சொல்லிக்கொண்டு போனேன்.

ஒரு வளைவில் மேலேயிருந்து ஆம்புலன்ஸ் இறங்கி வந்தது. சைரன் காதைக் கிழித்தது. சின்னக் காயம் என்றால் மேலே தானா ராத்தா ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிடுவார்கள். பெரிதாக இருந்தால்தான் கீழே அனுப்புவார்கள். கண்ணாடி வழியே உள்ளே ஒன்றும் தெரியவில்லை. திரும்பி அதன் பின்னால் போவதா, மேலே போவதா? கைப்பிடியில் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அவராக இருக்காது, இருக்காது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மேலேயே போனேன். பின்னால் சைரன் தேய்ந்து மறைகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தொழிற்சாலை கேட்டில் காவலாளி இல்லை. அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததே கிடையாது. உள்ளே ஏதோ நடந்துவிட்டது, எல்லோரும் அங்கே ஓடியிருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். காவலாளியோ சுவர் ஓரமாக ஒதுங்கிவிட்டு ஆற அமர வந்தார். "என்னாம்மா லீவு நாளுல?" என்று கேட்டார். நான் நிற்காமல் அவரைத் தாண்டிப் போனேன்.

உள்ளே நான்கு மிஷின்களும் ஒரே இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தன. பச்சைக் கொழுந்து வாசம் மூக்கை அடைத்தது. மகேன் எனக்கு முதுகு காட்டி நின்றார். மூடி தூக்கியிருந்தது. வலது கை முழங்கை வரைக்கும் உள்ளே இருந்தது.

கத்த வாயைத் திறந்துவிட்டேன். அந்த நொடியில்தான் பெரிய பயம் பிடித்தது. நான் கத்தி, அவர் திடுக்கிட்டுத் திரும்பினால் கை வழுக்கும். வாயைப் பொத்திக்கொண்டேன். தூணில் இருக்கும் சிவப்புப் பொத்தானை நோக்கி நடந்தேன். ஓடக்கூட இல்லை, ஓடினால் யாராவது என்னைப் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம். பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். மூன்றாம் மிஷின் முனகிக்கொண்டே அடங்கியது.

அவர் கையை எடுத்தார். பறித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. பச்சைச் சாறு மட்டும்தான் வடிந்தது.

"மூடியத் தூக்குனாலும் இது நிக்கலங்க! ஸ்விட்ச்சுல கயிறு கட்டியிருக்கு!"

"தெரியும்," என்றார்.

"என்னா தெரியும்?"

"கயிறு இருக்குன்னு தெரியும் லா. காலையிலேயே பாத்துட்டேன். நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். தடவைக்குத் தடவை நிப்பாட்டி ஓட்டுனா கொழுந்து புளிச்சுப் போவுது, மேலேருந்து ஏச்சு வேற. இப்ப பாரு, ஓடுறப்பவே வாரிடலாம். நான் ஓரத்துலதான் கை வைக்கிறேன்."

ரிங்லெட்டிலிருந்து நான் பயந்து வந்ததெல்லாம், அவருக்குத் தெரியாதே, தெரியாமல் கையை விட்டுவிடுவாரே என்றுதான். தெரிந்தே விடுகிறார் என்பதற்கு என்னிடம் பயம்கூடத் தயாராக இல்லை.

மிஷின் நின்றதைப் பார்த்து அடுத்த மிஷின் காளியம்மா என்னிடம் வந்தாள். "எதுக்கு விக்னேஸ் இப்படிப் பதறுற? சாமி கயிறுதானே, அது பாத்துக்கும்," என்றாள்.

"புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரே, அவருக்கு என்னா பதில் சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி கழட்டிடலாம்," என்றார் மகேன் சட்டென்று.

"இன்ஸ்பெக்டருக்குன்னா கழட்டலாம். உங்க கைக்குன்னா மட்டும் சாமி குத்தமாயிடுமா?"

அவர் கையில் வடிந்த சாற்றைத் துணியில் துடைத்தார். சாக்கு வெட்டும் கத்தி மேசையில் கிடந்தது. எடுத்தேன். சாமிக்குப் பயப்படாதவள் இல்லை நான். பூசை போட்டுக் கட்டிய கயிற்றில் இரும்பை வைக்கிறோமே என்று உள்ளுக்குள் நடுங்கியது. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "என்னைய மன்னிச்சிடு, தாயே" என்று சொல்லி அறுத்தேன். காளியம்மா இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

மகேன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகம் வெளுத்துப்போய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இனிமே எனக்கு ஏதாச்சும் ஆனா அது உன்னாலதான்," என்றார்.

மூடியை இறக்கி மிஷினைக் கிளப்பினார். நான் வீட்டுக்குப் போகவில்லை. போ என்று அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கொழுந்து மறுபடியும் அடைத்துக்கொண்டது. அவர் மூடியைத் தூக்கினார். வலது கை பாதி வழி போய், அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்தக் கை அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

பக்கத்து மிஷின்களின் இரைச்சலில் காதை நம்ப முடியாது. குனிந்து பார்த்தேன். உருளைகள் முழுக்கப் பச்சைக் கூழ் அப்பியிருந்தது. ஓடினாலும் நின்றாலும் ஒரே வழவழப்பாகத்தான் தெரியும். கண்ணை எவ்வளவு இடுக்கினாலும் எனக்குப் பிடிபடவில்லை. கொழுந்துத் தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்து உருளையின் மேல் போட்டேன். விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"நின்னுடுச்சு," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தபடியே கையை உள்ளே விட்டார். அது வெளியே வருகிற வரைக்கும் அந்த இலையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.