பின்னறை யாருக்கு?

"அத்தைக்கு இருமல் குறைஞ்சுதா?"

"எங்க? லொக்கு லொக்குனு இருமிக்கிட்டேதான் இருக்காங்க. தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு தலையணை பூரா அந்த வாடைதான்."

"பாத்ரூமுக்குத் தனியா போயிடறாங்களா?"

"சுவரைப் பிடிச்சுக்கிட்டே போறாங்க, பாவம்."

மூன்று மாதத்துக்கு முன், அவள் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு, அழைத்துப்போக வந்த கணவனோடு காரில் திரும்பும்போது நடந்த பேச்சு இது. கல்யாணமான பத்து வருடத்தில் அவன் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததே இல்லை. 'அம்மாவை நம்ம வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்திடலாமா?' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. இப்போதுதானே மனுஷன் கனிந்திருக்கிறான், அவன் வாயாலேயே வரட்டும் என்று விழுங்கினாள். அன்று தொடங்கி விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறாள்.

கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் இருவரும். கூடத்து மேஜையில் உட்கார்ந்து அவர்கள் உருவாக்கும் மென்பொருள், முடிவெடுக்கத் திணறுபவர்களுக்கானது. காரணங்களைக் கட்டம் கட்டமாகப் போட்டு அம்புகளால் இணைக்க வேண்டும். வலுவான காரணத்துக்குத் தடித்த அம்பு. எந்தப் பக்கம் சாய்கிறது என்று படமே சொல்லிவிடும். கணினி, போன், டேப்லெட், எதில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அவன் நிரல் எழுதுவான். அவள் ஒவ்வொரு கருவியிலும் திறந்து குறை கண்டுபிடிப்பாள்.

மென்பொருள் வெளியீட்டுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. புதியவர்கள் பழகிப் பார்க்க மாதிரிப் படம் ஒன்றைச் சேர்த்திருந்தான்: 'பின்னறை யாருக்கு?' அவர்கள் வீட்டில் காலியாகக் கிடக்கும் அறைதான் அது. கணினியில் மூன்றே கட்டங்கள். அலுவலகம், வாடகை, உறவினர். போனிலும் அப்படியே. பழைய டேப்லெட்டில் மட்டும், மூடியிருக்க வேண்டிய குறிப்புகள் தாமாகவே விரிந்தன.

'உறவினர்' கட்டத்தின் கீழே: இருமல். தைல வாடை. பாத்ரூம் சுவரில் கைத்தடம். வந்தால் திரும்பமாட்டார். ஒவ்வொன்றிலிருந்தும் விரல் தடிமனில் சிவப்பு அம்பு. எதிரே நூல் மாதிரி ஒரே ஒரு பச்சை அம்பு: 'அவளுக்குச் சந்தோஷம். பத்துக்கு ஒன்று.'

முடிவு: வேண்டாம்.

குறிப்பு எழுதிய தேதியைப் பார்த்தாள். கார்ப் பயணத்துக்கு மறுநாள்.

அவன் பேட்டி எடுத்திருக்கிறான், அவள் உருகியிருக்கிறாள். தைல வாடையை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். அம்மாவைக் கட்டம் கட்ட அவளே அளவு கொடுத்திருக்கிறாள்.

அவர்களிடம் வேலை பார்க்கும் டிசைனர் பெண் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, குறிப்பு திறந்துக்குதா? நல்லவேளை, இன்னிக்கே மாட்டுச்சு. யாருக்கா இந்த இருமல் பார்ட்டி? சார் செம காமெடியா எழுதியிருக்காரு!"

கணவன் டேப்லெட்டைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"அது... சும்மா உதாரணம்மா. உண்மையான விஷயத்தைப் போட்டாத்தான் படம் இயல்பா இருக்கும்."

"உதாரணமா?"

டிசைனர் பெண் சத்தமில்லாமல் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள். அவன் அவசரமாக மவுஸைப் பிடித்தான்.

"சரி, கோச்சுக்காத. உன் அம்பை வேணா தடியாக்கிடறேன். மூணு போடவா? நாலு?"

திரையில் பச்சை நூல் கொஞ்சம் பருத்தது. 'வேண்டாம்' அசையவில்லை. இவன் சாப்பிட்ட தட்டைக்கூட இனித் தொட முடியாது என்று தோன்றியது அவளுக்கு. டேப்லெட்டை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கம்மா இங்க வரணும். அந்தப் பின்னறையில, என்கூட இருக்கணும்."