ஆரணி: முப்பத்து மூன்று மில்லிமீட்டர்

1

இந்தக் கதை இருநூறு எழுத்துக்குள் முடிந்திருக்க வேண்டியது. ஊர் ஊராக மழை அளவைப் போட்டு வைக்கும் இணையப் பக்கம் ஒன்றில், ஒவ்வொரு நாள் அளவுக்கும் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் போன மாதம் உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல, பிரவுசிங் சென்டர் ஜெசி அடித்தாள். இருநூறாவது எழுத்தோடு கட்டம் நின்றுவிட்டது. அதுவரை நான் சொல்லியிருந்தது என் முழங்கால் வலியும் பஸ் லேட்டானதும்தான். தப்புக்கு இன்னும் வரவேயில்லை. அடித்ததை எடுத்துவிடச் சொல்லிவிட்டு எழுந்து வந்து, நோட்டில் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவன் எழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தருமன் என் பேர்தான். ஆனாலும் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். வெட்கம் கொஞ்சம் தள்ளி உட்காருமா என்று பார்க்கத்தான்.

2

ஆரம்பம்: ‘2005 நவம்பர். மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வர, தருமன் மாடியில் நின்று—’

கோடு போட்டு அடித்துவிட்டேன். அவன் மாடியில் நிற்கவில்லை. கதையே அதுதான்.

வேறு ஆரம்பம்: ‘சிவப்பிரகாசம் நல்லவர், ஆனால் ஏமாளி—’

இதுவும் வேண்டாம். ஏமாற்றினவன் சொல்கிற பேச்சு இது.

நடந்ததை எழுதுகிறேன். சென்னையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் சிவப்பிரகாசம், ஜவ்வாது மலை அடிவாரத்து மழையை ஆராய வந்தார். ஆரணியில் பட்டு நெய்யும் தருமன் வீட்டு மாடியில் ஒரு மழைமானி வைத்தார். களம்பூர், தேவிகாபுரம், சந்தவாசலில் ஒவ்வொன்று. காலை எட்டரைக்கு அளந்து ஜெசியிடம் சொல்ல வேண்டும். அவள் அடித்த நிமிஷமே சென்னை, பூனா, வெளிதேசம் என்று எல்லா இடத்து ஆராய்ச்சிக்காரர்களும் ஒரே பக்கத்தைத் திறந்து, ஒன்றாக வேலை பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தைக் கட்டினதும் சிவப்பிரகாசம்தான். எல்லார் அளவும் எல்லார் கண்ணிலும் படும். ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் பிடிக்கட்டும் என்றுதான் அப்படித் திறந்து வைத்திருக்கிறேன் என்றார்.

தருமன் நம்பவில்லை. சர்க்கார் மழைக்கும் வரி போடப்போகிறது என்று நினைத்தான். மற்ற ஊர்க்காரர்களும் அளக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

[பக்கக் குறிப்பு: அந்தப் பக்கத்தில் எதையும் அழிக்க முடியாது. குறுக்கே கோடுதான் போடலாம். அடியில் பழையது தெரியும். இங்கே நான் அடித்ததையெல்லாம் விட்டுவைத்திருப்பது அங்கே கற்றது.]

3

2005 நவம்பரில், அந்தத் தப்பு நடந்ததற்கு முந்தின நாள் தருமன் களம்பூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்த் தங்கிவிட்டான். அங்கே மழை சுமார்தான். காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கினதும் நேராக ஜெசியிடம் போனான். வீட்டுக்குப் போய், மாடி ஏறி, திரும்ப நடந்து வர முழங்கால் இடம் கொடுக்கவில்லை. (முழங்காலை மறுபடியும் கொண்டுவந்துவிட்டேன் பாருங்கள்.)

“இங்க செம்ம மழ அங்கிள்,” என்றாள் ஜெசி.

பெண்பிள்ளை பெரிதுபடுத்துகிறாள் என்று நினைத்தான். திரையைப் பார்த்தான். களம்பூர் 31. தேவிகாபுரம் 34. நடுவில் ஒன்றைச் சொன்னான். முப்பத்து மூன்று.

பத்து நிமிஷத்தில் சந்தவாசலிலிருந்து போன் வந்தது. 142. ஜெசி அடித்ததும் கட்டம் சிவப்பானது. பக்கத்து ஊர்களோடு பொருந்தாவிட்டால் அப்படி ஆகும். கொஞ்ச நேரத்தில் சிவப்பிரகாசமே போன் செய்தார்.

“மூணும் ஒத்துப்போவுது, சந்தவாசல் மட்டும் ஒதச்சிகினு நிக்குது. நீங்க அளந்தீங்களா?”

“அளக்காம சொல்லுவனா சார்.”

142-க்குக் குறுக்கே கோடு விழுந்தது. வெளிதேசத்திலிருந்து யாரோ, ஆரணிக்கு நன்றி என்று ஒரு வரி போட்டார்கள். ஜெசி படித்துக் காட்டினாள்.

வீட்டுக்குப் போய் மாடி ஏறினான். மழைமானிக்குள் இருந்த புட்டியில் கழுத்துவரை தண்ணீர். அளவுக் குடுவை பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. புட்டியைச் சாய்த்துக் கொட்டினான். ஆரணியில் அன்று எவ்வளவு பெய்தது என்று இனி யாருக்கும் தெரியாது. எனக்கும்.

4

142 சொன்ன சந்தவாசல் ரேணுகாம்பாளை வாயாடியாக எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். ‘அவளும் யோக்கியமில்லை, ஒரு நாள்—’

அந்த ஒரு நாளைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அடுப்பு மூட்டுவதற்கு முன் அளந்துவிடுவாள். அவ்வளவுதான்.

மறுநாள் நனைந்த நோட்டோடு பஸ் ஏறி ஆரணி பிரவுசிங் சென்டருக்கே வந்துவிட்டாள். ஜெசியிடம் இல்லை, தருமனிடம் பேசினாள்.

“அண்ணே, அஞ்சு குடுவ ரொம்பி ஆறாவதுல பதினேழு. நீங்களும் அளக்குறவரு, உங்களுக்குத் தெரியும். இருபத்தஞ்சுக்கு மேல குடுவ புடிக்குமா? நான் எண்ணாம எப்பிடி எழுதியிருப்பேன்?”

“இன்னா பண்றதும்மா. கம்ப்யூட்டர்ல பொருந்தல.”

“கம்ப்யூட்டரு கெடக்குது. நீங்க சொல்லுங்க.”

அவன் திரையைக் கைகாட்டினான்.

அதற்கப்புறம் அவள் அளவு எது வந்தாலும் இரண்டு தடவை கேட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடத்து மழைமானியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் அவளைப் ‘பொய் மழை ஆயாம்மா’ என்று கூப்பிடுவதாக ஜெசி சொன்னாள். தருமன் வீட்டு மழைமானி இன்னும் மாடியில் இருக்கிறது.

5

முடிவு ஒன்று: சிவப்பிரகாசம் தானாகக் கண்டுபிடிக்கிறார். (நான்கு வருஷமாகிறது. கண்டுபிடிக்கவில்லை. அவர் என்னை நம்பினார்.)

முடிவு இரண்டு: தருமன் சந்தவாசலுக்குப் போய் அவள் முன்னால்— (களம்பூர் பஸ்ஸில் ஏறத் தெரிந்தவனுக்கு அந்த பஸ் மட்டும் நான்கு வருஷமாகக் கிடைக்கவில்லை.)

இவ்வளவு எழுதினதில் ஒன்று தெரிந்தது. இருநூறு எழுத்தே அதிகம். ‘அன்று நான் அளக்கவில்லை.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இதில் ‘அவன்’ என்று போட முடியாது.

நாளைக்கு ஜெசியிடம் போகிறேன். போனேன் என்று அடுத்த வரியில் எழுதினால் நம்பாதீர்கள். அளந்தேன் என்று சொன்னவனும் நான்தான். அந்தப் பக்கம் எல்லாருக்கும் திறந்தது. 2005 நவம்பர் வரிசையில் ஆரணி, 33. அளக்கவில்லை என்ற அந்த வரி பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் கதை முடிந்தது. கட்டம் காலியாக இருந்தால், சந்தவாசல் பள்ளிக்கூடத்தில் ரேணுகாம்பாள் என்று கேளுங்கள். நீங்களாவது சொல்லிவிடுங்கள்.