அணைக்கக் கூடாத மெஷின்

மெக்கானிக் என்னை ஏமாற்றுகிறார் என்று நான் சும்மா ஒன்றும் முடிவு கட்டவில்லை. பக்கத்தில் புதிதாக வந்த மாலில் பெரிய கேம் சென்டர் திறந்திருந்தார்கள். எங்கள் விளையாட்டுக் கூடத்து மெஷின்களின் வயிற்றைத் திறந்து மூடத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். இவரையும் அவர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டால், நான் வீட்டில் விட்டத்தைப் பார்த்து உட்கார வேண்டியதுதான்.

கூடம் அப்பா ஆரம்பித்தது. கைப்பிடியைச் சுற்றினால் படம் ஓடும் பெட்டி, இரும்புக் குண்டு உருளும் பின்பால், அப்புறம் வீடியோ கேம், டிக்கெட் துப்பும் மெஷின் என்று மாறி மாறி, இப்போது பொம்மை தூக்கும் கொக்கியில் வந்து நிற்கிறோம். பழையதில் மிஞ்சியது மூலையில் இருக்கும் விண்கலம் சுடும் வீடியோ மெஷின் மட்டும். ஈ காக்கா அண்டாது. ஆனால் அதை மட்டும் ராத்திரிகூட அணைக்கவே கூடாதாம், மெக்கானிக்கின் கட்டளை.

"ஏண்ணே, கரண்டு பில்லு உங்க மாமனாரா கட்டறாரு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. தொடாதீங்க." சொல்லிவிட்டுக் கொக்கி மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலைகளில் ஒரு தாடிக்காரன் வருவான். முப்பது வயதிருக்கும். அந்த மெஷினில் மட்டும் ஆடிவிட்டு யாரிடமும் பேசாமல் போவான். மற்ற நாளெல்லாம் எட்டு மணிக்கே ஆஜராகும் மெக்கானிக், அன்றைக்கு மட்டும் அவன் போன பிறகே வருவார். வந்ததும் அந்தத் திரையைப் பார்த்துத் தனக்குள் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் மால்காரர்களின் ஆள், இரண்டு பேரும் ஏதோ ரகசியம் மாற்றிக்கொள்கிறார்கள் என்றுதான் என் புத்தி போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை! குனிந்து பார்த்தால் அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. "அட திருட்டு மனுஷா!" என்று அதன் ஒயரையும் உருவிப் போட்டேன். திரை இருண்டது. அப்பாடா என்றிருந்தது.

திரும்பி வந்தவர் ஓடிப் போய் இரண்டு ஒயரையும் மறுபடி செருகினார். திரை வந்தது, பழைய ஸ்கோர் வரவில்லை.

"அது பேட்டரிம்மா. கரண்டு போனா இந்த மெஷின் ஸ்கோரை மறந்துடும். அந்தத் தாடிக்காரன் என் மகன். சண்டை போட்டு வீட்டை விட்டுப் போய் எட்டு வருஷம் ஆச்சு. என் மூஞ்சில முழிக்க மாட்டான். ஆனா திங்கக்கிழமை வந்து என் ஸ்கோரைத் தாண்டி அவன் பேரைப் போட்டுட்டுப் போவான். ராத்திரி நீங்க போனப்புறம் நான் அதைத் தாண்டி என் பேரைப் போடுவேன். எங்களுக்குள்ள பேச்சுன்னா அதான். இப்ப அவன் பேரைக் காணோம்னா, அப்பன்தான் அழிச்சுட்டான்னு நினைப்பான். இனிமே வரவே மாட்டான்."

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்று அவர் மேலேயே பாய்ந்தேன். உள்ளுக்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்களன்று அவன் வந்தான். பட்டியல் முழுக்க சைபர். காசு போடாமல் திரும்பி விறுவிறுவென்று வெளியேறினான். நான் கல்லாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி, தெருவில் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"உங்கப்பா அழிக்கல தம்பி! நான்தான் பிடுங்குனேன். அவரைத் திருடன்னு நினைச்சுட்டேன், புத்தி கெட்டவ!"

அவன் என்னையே பார்த்தான். "நானும் அவரைத் திருடன்னு சொல்லிட்டுத்தான் போனேன்க்கா," என்றான். கூடத்து வாசலைத் திரும்பிப் பார்த்து, "எத்தனை மணிக்கு வருவாரு?"

"நீ போனாத்தான் வருவாரு. அதுவரைக்கும் தெருமுனை டீக்கடையில உட்கார்ந்திருப்பாராம். திங்கக்கிழமை ஆனா அதான் அவருக்கு வேலை."

சட்டையை விட்டேன். அவன் டீக்கடைப் பக்கம் நடந்தான்.