எதிர்ச்சாரியில் இரண்டு மணி நேரம்

சனிக்கிழமை காலை. சிகாகோவின் மேற்குப் பக்கம், எங்கள் தேவாலயத்துக்கு எதிர்ச்சாரியில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாலு பேர் போயிருந்தார்கள். ஒன்பது பேர்தான் திரும்பியிருந்தார்கள்.

"மிச்ச அஞ்சு பேரையும் பின்வாசல் வழியா போலீஸ் வண்டியில ஏத்திட்டானுங்களோ?" என்றேன்.

"உள்ள காப்பியும் டோனட்டும் தர்றாங்கய்யா. தின்னுக்கிட்டு இருப்பாங்க," என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி ஒடெஸா.

கஞ்சா வழக்கில் மாட்டியவர்களின் பழைய குற்றப்பதிவை தேவாலயத்தில் வைத்து இலவசமாக அழித்துத் தருகிறார்களாம். அடையாள அட்டையோடு வரவேண்டுமாம். என் அண்ணன் லவெலுக்கும் ஒருமுறை 'உங்களுக்கு டிவி பரிசு' என்று கடிதம் வந்தது. அது போலீஸ் வைத்த பொறி; இஸ்திரி போட்ட சட்டையில் போனவனைக் கைவிலங்கோடுதான் பார்த்தோம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

இருபத்தொரு வயதில் என் சட்டைப்பையில் ஒரு கஞ்சாப் பொட்டலம் இருந்தது. எட்டு மாதம் சிறை. எங்களைப் போன்ற கறுப்பர்களுக்குத்தான் சிறை; ஏரிக்கரைப் பக்கத்து வெள்ளைக்காரப் பையன்களிடம் அதே பொட்டலம் இருந்தால், 'வீட்டுக்குப் போப்பா' என்று விட்டுவிடுவார்கள். இன்று சட்டமே அனுமதித்துவிட்டது; மூன்று தெரு தள்ளி, கண்ணாடிச் சுவர் வைத்த கடை போட்டு ஒரு வெள்ளைக்காரர் அதையே விற்கிறார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மகள் ஸகியாவின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போகும் பெற்றோர், 'குற்றப்பதிவு இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு வருடமும் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி, பஸ்ஸுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டு வருவேன். அவள் இப்போது எட்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமைதான் கடைசிச் சுற்றுலா.

பத்தாவது ஆள் வாயெல்லாம் சர்க்கரையோடு வெளியே வந்தான். இறங்கினேன்; ஒடெஸாவும் கூடவே வந்தாள்.

உள்ளே இருந்த வக்கீல் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "இங்க அழிக்க ஒண்ணுமே இல்லையே சார். மூணு வருஷம் முன்னாடியே அரசாங்கமே அழிச்சிடுச்சு. உங்களுக்கு மூணு கடிதம் போட்டிருக்காங்களே," என்றாள்.

வந்தன. பொறி என்று பிரிக்காமலே கிழித்துப் போட்டவன் நான். மூன்று சுற்றுலா! ஒடெஸா ஒரு டோனட்டை எடுத்து என் கையில் வைத்தாள். திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "வெள்ளிக்கிழமை நானும் வர்றேன்டா செல்லம்," என்றேன்.

ஸகியா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்பவும் வேலைன்னுதானே சொல்லுவீங்க? இப்ப மட்டும் எப்படி? என்கிட்ட என்னமோ மறைக்கிறீங்க டாடி."

சுற்றுலாப் படிவத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, கையைக் கட்டிக்கொண்டு என் விரல்களையே பார்த்து நின்றாள்.