இல்லாத விருந்துக்கு அழைப்பு

ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம் பக்கத்தில் மொய் விருந்து அழைப்பிதழைப் பிரிக்காமல் விடுகிற ஆள் கிடையாது. நமக்கு மொய் செய்தவர் விருந்து வைத்து, திருப்பிச் செய்ய நாம் போகாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. இந்தப் பயத்தை எவனோ ஒரு திருட்டுப்பயல் நன்றாகப் படித்து வைத்திருக்கிறான்.

கோழித்தீவனக் கடை நடத்தும் செவந்தியும் அப்படித்தான் மாட்டினாள். தெரிந்தவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் 'மொய் விருந்து அழைப்பிதழ்' வந்தது. தொட்டதும் ஏதோ ஆப் இறங்கி, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது. விருந்துக்குக் கூப்பிடுகிறவனுக்கு நம் எஸ்.எம்.எஸ். எதற்கு? யோசித்திருக்கலாம். கடையில் கூட்டம், அனுமதித்துவிட்டாள்.

சற்று நேரத்தில் கேட்காத ஓ.டி.பி. வந்தது. அடுத்து, கிரெடிட் கார்டில் பணம் போன செய்தி. கணவன் நாகராசுவின் போனைப் பிடுங்கி, கார்டின் பின்னாலிருந்த எண்ணுக்குப் பேசி முடக்கினாள். சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும் சொன்னாள். போனைத் திருப்பி வாங்கிப் பார்த்த நாகராசு கேட்டார்: "ஏன் புள்ள, நம்ம எப்ப விருந்து வைக்கிறோம்? ஒன் நம்பர்லேருந்து எனக்கே அழைப்பு வந்துருக்கு."

செவந்திக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பெயரில் எல்லாருக்கும் போயிருக்கிறது. திலகவதிக்கும்.

திலகவதி அவளுடைய அண்ணன் மனைவி. அம்மாவின் நகையைப் பிரித்ததில் வாய் தடித்து, இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணனுக்கு டயாலிசிஸ் நடப்பதும், மகன் எடுத்துக் கொடுத்த கிரெடிட் கார்டில்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டுவதும் ஊரார் சொல்லித்தான் தெரியும். அந்தக் கார்டைத் துடைத்துவிட்டால் அண்ணன் கதி?

சொந்தக்காரர்கள் குரூப்பில், "எம்பேர்ல வந்தத யாரும் தொறக்காதீங்க" என்று நாகராசுவின் போனிலேயே பேசி அனுப்பினாள். திலகவதிக்கு அடித்தாள். எடுக்கவில்லை. அந்தப் போனோடு ஸ்கூட்டியை அண்ணன் வீடு இருக்கும் வடகாட்டுக்கு விரட்டினாள். பூ மார்க்கெட் முன்னால் வண்டிகள் மறித்து நிற்க, வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டினாள்.

திலகவதி வாசலிலேயே நின்றாள், கையில் போன், முகமெல்லாம் சிரிப்பு.

"வா செவந்தி! இப்பத்தான் பாத்தேன்."

"தொறந்துட்டீங்களா மதினி?"

"தொறக்காம? என்னென்னமோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிட்டேன்."

போன் 'டிங்' என்றது. ஓ.டி.பி. செவந்தி அதைப் பறித்து அணைத்தாள்.

"கார்டை எடுங்க மதினி! திருட்டுப்பயலுவ வேலை. ஓடுங்க!"

திலகவதி பதறிக்கொண்டு பீரோவைக் குடைந்து கார்டைக் கொண்டுவந்தாள். செவந்தி நாகராசுவின் போனில் அதன் பின்னாலிருந்த எண்ணை அழுத்தினாள். எந்த மொழி வேண்டும் என்று பதிவுக் குரல் நிதானமாகக் கேட்டது. அதைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. கடைசியில் ஒரு பெண் லைனில் வந்தாள். "கார்டை பிளாக் பண்ணிட்டேங்க. பணம் எடுக்க முயற்சி பண்ணிருக்காங்க. போகலை."

செவந்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பயம் இறங்கியதும் கோபம் ஏறியது.

"நாந்தான் ஒங்ககூடப் பேசறதே இல்லையே! எங்கிட்டேருந்து வந்தா சந்தேகப்பட வேணாமா?"

"வேற யாரு அனுப்பிச்சிருந்தாலும் மகங்கிட்ட கேட்டுட்டுத்தான் தொட்டுருப்பேன். ஒம்பேரப் பாத்ததும் கை நிக்கல" என்றாள் திலகவதி. "அப்ப நீ கூப்புடலையா?"

செவந்தி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அண்ணனின் குரல் மெலிந்து வந்தது.

"செவந்தியா வந்துருக்கு? விருந்து என்னைக்குன்னு கேளு. டயாலிசிஸ் இருந்தா மறுநா வச்சுக்கச் சொல்லுவோம்."